திரும்பிப் போன ஃப்ரிட்ஜ்

கடன் என்று யாராவது சொன்னாலே காதைப் பொத்திக்கொள்ளும் நம் மெக்கானிக்கின் வீட்டுக்குள் ஒரு கிரெடிட் கார்டு நுழைந்து மூன்று மாதமாகிறது. கொண்டுவந்தவள் மகள். கார்டு இருப்பதோ மனைவியின் பெயரில். ஊரிலுள்ள பாதி ஃப்ரிட்ஜுக்கும் ஏசிக்கும் உயிர் கொடுத்தவர் என்றாலும் மெக்கானிக்குக்குச் சம்பளச் சீட்டு கிடையாது. வங்கிக்காரர்கள் அவரை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரியில் படுக்கை விரிப்புகளை அடுக்கிக் கொடுக்கும் மனைவிக்கு மாதச் சம்பளம் உண்டு, அதனால் அவளுக்குக் கேட்டதும் கிடைத்துவிட்டது. அந்த வருத்தம் மனிதருக்கு இன்னும் ஆறவில்லை. வாய்விட்டுச் சொல்லவும் மாட்டார்.

கார்டு வந்தது அக்காவுக்காக. மனைவியின் ஒரே அக்கா கடல் தாண்டிப் போய் இருபது வருடத்துக்கு மேலாகிவிட்டது. இப்போது அவள் கால் நரம்பில் ரத்தம் உறைந்துவிட்டதால், நீண்ட நேரம் விமானத்தில் உட்காரவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இனி அக்கா வரப்போவதில்லை. தங்கை போனால்தான் உண்டு. ஆனால் டிக்கெட் விலையைக் கேட்டாலே தலை சுற்றியது. செல்போன் கடையில் பில் போடும் மகள்தான் ஒருநாள் இந்த வழியைக் கண்டுபிடித்துக்கொண்டு வந்தாள்.

"மூணு விஷயம்தான்ப்பா. எப்பவும் வாங்கறத மட்டும் இந்தக் கார்டுல வாங்கணும். பில் வந்ததும் ஒரு காசு பாக்கி வைக்காம கட்டிடணும். மூணு மாசத்துக்குள்ள அவங்க சொன்ன தொகையத் தொட்டுட்டா, ஒரேயடியா நிறைய பாயிண்ட்ஸ் குடுப்பாங்க. அத வெச்சு பிளேன் டிக்கெட் எடுத்துக்கலாம்."

"சோப்பும் சர்க்கரையும் வாங்கினதுக்கு பிளேன்ல ஏத்திடுவானா? எவன் தலையில மொளகா அரைக்கப் பாக்கறான்?" என்று அன்று மெக்கானிக் கேட்டார். மனைவி மட்டும் ஒன்றும் கேட்காமல் கையெழுத்துப் போட்டாள்.

மளிகை, கரண்ட் பில், வேனுக்கு இன்ஷூரன்ஸ் என்று சிறுகச் சிறுகச் செலவழித்தும் தொகை எட்டவில்லை. அந்த நேரம் பார்த்து வீட்டுப் பழைய ஃப்ரிட்ஜ் மண்டையைப் போட்டது. மகள் விடவில்லை. புது ஃப்ரிட்ஜ் கார்டில் வந்தது, தொகையும் தாண்டியது. வீடே நிம்மதியாக மூச்சுவிட்டது.

மூன்று மாதக் கெடு இன்றோடு முடிகிறது.

காலையில் மனைவி ஷிஃப்டுக்குக் கிளம்பிப் போகும்வரை மெக்கானிக் நல்ல பிள்ளையாகப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவள் தெரு முனையைத் தாண்டியதும் எழுந்து, கடைக்குப் போன் போட்டார். கொஞ்ச நேரத்தில் இரண்டு ஆட்கள் வண்டியோடு வந்தார்கள். ஹாலில் அட்டைப்பெட்டி பிரிக்காமலே நின்றுகொண்டிருந்த புது ஃப்ரிட்ஜைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

"பிரிக்கவே இல்லையே சார், பிடிக்கலையா?" என்றான் ஒருவன்.

"நம்ம பழசு எழுந்து உக்காந்துருச்சுப்பா" என்று சிரித்தார் மெக்கானிக்.

உண்மையில் எழுந்துதான் உட்கார்ந்திருந்தது. நேற்று மனைவியும் மகளும் இல்லாத நேரத்தில் பின்பக்கத்தைத் திறந்து, குழாய் நெடுக சோப்பு நுரையைத் தடவிப் பார்த்தார். ஒரு மூலையில் ஊசிமுனை அளவில் நுரை கொப்பளித்தது. கம்ப்ரஸர் போய்விட்டது என்று நினைத்திருந்தால், வெறும் கேஸ் ஒழுக்கு. ஓட்டையை அடைத்து, கேஸ் அடித்து, ஓட்டிப் பார்த்துவிட்டு, அவர்கள் வருமுன் அணைத்துவைத்தார். இன்று மனைவி போனதும் மறுபடி சுவிட்சைப் போட்டார். பழைய தொண்டையில் அதே பழைய உறுமல்.

அந்த உறுமலில் ஒரு காலமே இருந்தது. கல்யாணமான புதிதில் ஒரே அறைதான் வீடு. மாடி அறை, தகரக் கூரை, வெயில் காலத்தில் உள்ளே உட்கார முடியாது. மனைவியின் அக்காவும் அவர்களோடுதான் இருந்தாள். இடித்துக்கொண்டிருந்த ஒரு லாட்ஜிலிருந்து பழைய இரும்பு விலைக்கு இந்த ஃப்ரிட்ஜை வாங்கி, தோளில் சுமந்து படியேற்றினார் அவர். மறுபக்கம் பிடித்தவள் அக்கா. "மெதுவா, மெதுவா, அது கெழவி" என்று கத்திக்கொண்டே ஏறினாள். கதவுக்கு நீலப் பெயிண்ட் அடித்தவளும் அவள்தான். முதல் நாள் ஐஸ் கட்டி விழுந்ததும் மூன்று பேரும் கதவைத் திறந்துபோட்டு அதன் முன்னால் உட்கார்ந்துகொண்டார்கள். தலைக்குமேல் தகரம் கொதித்தது, முகத்தில் குளிர் அடித்தது. அப்படியே அரைநாள் போனது. கரண்ட் பில்லைப் பற்றி யாருக்கு அன்று கவலை!

அக்காவுக்கு நகப்பூச்சு பைத்தியம். வெயிலில் கெட்டிப்படுகிறது என்று பாட்டிலை முட்டை வைக்கும் தட்டில் வைப்பாள். ஒருமுறை அது கவிழ்ந்து கொட்டியது. அந்தச் சிவப்புக் கறை இன்றைக்கும் போகவில்லை.

போன வாரம் ஃப்ரிட்ஜ் நின்றுபோன அன்று, மனைவி சாமான்களை வெளியே எடுத்து வைத்துக்கொண்டே இருந்தவள், அந்த முட்டைத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அழுதாள். சத்தமில்லாத அழுகை. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவள் அழுது அவர் பார்த்தது கொஞ்சம்தான். அது அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டது. இந்தப் பெட்டியை எப்படியாவது ஓட வைத்துவிட வேண்டும் என்று அன்றைக்கே தீர்மானித்துவிட்டார். மூன்று மணிக்கு அவள் வீடு வந்து கதவைத் திறக்கும்போது குளிர் முகத்தில் அடிக்கும். அவள் முகம் எப்படி மாறும் என்று நினைக்கும்போதே அவருக்குச் சிரிப்பு வந்தது.

போன் அடித்தது. மகள்.

"அப்பா, ஃப்ரிட்ஜ் கடையிலேர்ந்து அம்மா கார்டுக்கு ஏன் பணம் திரும்பி வந்திருக்கு?"

"அதுக்குள்ள வந்துருச்சா? நல்ல கடைக்காரன்தான்!"

"என்னப்பா சொல்றீங்க?"

"பழசச் சரி பண்ணிட்டேன்மா. புதுசத் திருப்பி அனுப்பிட்டேன். அம்மாகிட்ட சொல்லிடாத, வந்து பாக்கட்டும்."

மறுமுனையில் யாரோ வாடிக்கையாளர் சார்ஜர் கேட்கும் சத்தம் கேட்டது.

"அப்பா, திருப்பிக் குடுத்தா செலவும் திரும்பிடும். வாங்காத மாதிரிதான் கணக்கு. தொகை கொறஞ்சு போச்சு. இன்னைக்குத்தான் கடைசி."

"கடைசின்னா?"

"இன்னைக்குள்ள அந்தத் தொகையத் தொடலேன்னா பாயிண்ட்ஸ் கிடையாது. அம்மா போக முடியாது."

மெக்கானிக் உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் பழைய ஃப்ரிட்ஜ் ஒன்றும் தெரியாதது போல ஓடிக்கொண்டிருந்தது.

அடுத்த நிமிடம் வேனை எடுத்துக்கொண்டு கடைக்குப் பறந்தார். மேனேஜர் அவரை ஒரு மாதிரி பார்த்தார். காலையில் வேண்டாம் என்று அனுப்பிய பெட்டியை மத்தியானத்துக்குள் திரும்பக் கேட்கிற ஆளை அவர் பார்த்ததில்லை போலிருக்கிறது.

"அது நேரா கோடவுனுக்குப் போயிருச்சு சார். அந்த மாடல்ல அதுதான் கடைசி. ஸ்டாக்ல ஏறினாத்தான் பில் போட முடியும், நாளைக்கு வாங்க."

"இன்னைக்கே வேணும்."

"இன்னைக்கே வேணும்னா அதோ அது இருக்கு" என்று கைகாட்டினார் மேனேஜர். இரண்டு கதவு வைத்து, பீரோ மாதிரி ஒன்று நின்றது. விலைச் சீட்டைத் திருப்பிப் பார்த்ததும் மெக்கானிக் கையை இழுத்துக்கொண்டார். ஆனாலும் மகளிடம் கேட்டுப் பார்த்தார்.

"வேணாம்ப்பா. அவ்ளோ விலைக்கு வாங்கினா நம்மளால முழுசா கட்ட முடியாது. பாக்கி நின்னா வட்டி ஏறும். அந்த வட்டியில டிக்கெட்டே எடுத்துடலாம். பாயிண்ட்ஸுக்காகக் கண்டதையும் வாங்கக் கூடாதுன்னு நானே சொல்லிட்டு, நானே எப்படி..." மகளின் குரல் உடைந்தது. "பரவால்லப்பா. விடுங்க. நான் அம்மாகிட்ட சொல்லிக்கறேன்."

"இல்ல. நான் சொல்றேன்" என்றார் மெக்கானிக். அது மட்டுமாவது தன் வேலை என்று அவருக்குத் தோன்றியது.

ஆஸ்பத்திரியின் துணி அறை பின்கட்டில் இருந்தது. சலவைப் பொடி வாசமும் இஸ்திரிச் சூடும் கலந்த அறை. மனைவியும் இன்னொரு பெண்ணும் ஒரு பெரிய விரிப்பின் நான்கு முனைகளையும் பிடித்துக்கொண்டு எதிரெதிரே நின்றார்கள். பின்னால் இரண்டு எட்டு போய் இழுத்து உதறி, பிறகு முன்னால் வந்து முனையோடு முனை சேர்த்து மடித்தார்கள். அவர் வாசலிலேயே நின்றுவிட்டார். மாடி அறையில் அக்காவும் தங்கையும் இப்படித்தான் மடிப்பார்கள். முன்னால் வரும்போதெல்லாம் அக்கா தங்கையின் மூக்கில் மூக்கால் இடித்துவிட்டுப் போவாள். இருவரும் சிரித்து, விரிப்பு கீழே விழுந்து, மறுபடி முதலிலிருந்து மடிக்க வேண்டிவரும். அக்கா போனபிறகு வீட்டில் பெரிய விரிப்பை மனைவி தனியாகத்தான் மடிக்கிறாள், ஒரு முனையைத் தாடையில் இடுக்கிக்கொண்டு. ஒருநாளாவது போய் மறுமுனையைப் பிடித்தோமா என்று யோசித்தார். பிடித்ததாக நினைவில்லை.

"என்னங்க, இங்க வந்து நிக்கறீங்க? யாருக்கு என்ன ஆச்சு?"

சொன்னார். கூட்டிக் குறைக்காமல் சொன்னார். அவள் கையிலிருந்த விரிப்பை அலமாரியில் வைத்து, அதன்மேல் ஒருமுறை தடவிவிட்டாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நீ அன்னைக்கு அழுததப் பாத்தேன். ஃப்ரிட்ஜுக்காக அழறேன்னு நெனச்சுட்டேன்."

"ஃப்ரிட்ஜுக்கு யாராவது அழுவாங்களாங்க?" என்றாள் அவள். கோபமில்லாமல்தான் கேட்டாள். "மூணு மணிக்கு ஷிஃப்ட் முடியும். வெளிய இருங்க."

வேனில் உட்கார்ந்து ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார் மெக்கானிக். இன்றைக்கே செலவு செய்ய வேண்டும், வேண்டாத செலவாகவும் இருக்கக் கூடாது, பில் வருவதற்குள் பணமும் கைக்கு வர வேண்டும். இப்படி ஒரு செலவு உலகத்தில் உண்டா? தலையைப் பிய்த்துக்கொண்டு யோசித்ததில் பேக்கரிக்கார அம்மா ஞாபகத்துக்கு வந்தார்.

பேக்கரியின் குளிர் அறைக்கு கம்ப்ரஸர் மாற்ற வேண்டும் என்று போன வாரம்தான் கூப்பிட்டிருந்தார் அந்த அம்மா. வேலை முடிந்த அன்றே மொத்தப் பணம், ஆனால் பார்ட்ஸ் எல்லாம் மெக்கானிக் கைக்காசு போட்டு வாங்கிவர வேண்டும். அவ்வளவு ரொக்கம் கையில் இல்லை. கடனுக்கு வாங்கும் பழக்கமும் இல்லை. "நமக்குத் தோதுப்படாதும்மா" என்று சொல்லிவிட்டு வந்திருந்தார். இப்படி எத்தனை நல்ல வேலைகளை விட்டுக் கொடுத்திருப்பார் என்று அவருக்கே தெரியாது. அதைப் பெருமையாக வேறு சொல்லிக்கொள்வார்.

போன் போட்டார்.

"வேற ஆள் பாத்துட்டீங்களாம்மா?"

"எங்க கெடைக்கறாங்க? வெண்ணெயெல்லாம் உருகிக்கிட்டு கெடக்கு. நீங்க வர்றீங்களா? நாளைக்கே முடிச்சுட்டா கையில பணம்."

"வர்றேன்மா" என்றார். வேர்த்திருந்தது.

மூன்று மணிக்கு மனைவி வந்து வேனில் ஏறினாள். விஷயத்தைச் சொன்னதும் தலையாட்டினாள். சிக்னல் தாண்டியதும் கண்ணாடி வழியாக வெளியே பார்த்தபடியே பேசினாள்.

"இதே வண்டியிலதானே அக்காவ ஏர்போர்ட்ல கொண்டுபோய் விட்டோம்?"

"இதுக்கு முந்தின வண்டி. அதுக்குப் பின்சீட்டு கெடையாது. நீ அவ டிரங்குப் பெட்டி மேல உக்காந்து வந்தே."

"ஒரு வருஷத்துல இவள அனுப்பி வைக்கறேன்னு அவகிட்ட சொன்னீங்க."

"சொன்னேன்."

அடுத்த வருடம் வேன் வாங்கினார்கள். அதற்கடுத்த வருடம் வீடு மாறினார்கள். பிறகு மகளின் படிப்பு. ஒவ்வொரு வருடமும் நியாயமான காரணம் ஒன்று கிடைத்துக்கொண்டே இருந்தது. முதலில் அவள் கேட்டுக்கொண்டிருந்தாள், அப்புறம் கேட்பதை விட்டுவிட்டாள். கேட்காததை அவர் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

"ஒண்ணு கேக்கறேன், மறைக்காமச் சொல்லணும்" என்றாள் மனைவி. "புது ஃப்ரிட்ஜப் பிரிக்காமயே ஹால்ல நிறுத்தி வெச்சிருந்தீங்க. சாக்கெட் சரியில்ல, மாத்தணும்னீங்க. ஊர்ல எல்லார் வீட்டு சாக்கெட்டையும் கண்ண மூடிக்கிட்டு மாத்தறவர் நீங்க. நம்ம வீட்டு சாக்கெட்டுக்கு மட்டும் நேரம் கிடைக்கலையா?"

"வேல இருந்துச்சு."

"நான் போறது ஒங்களுக்குப் பிடிக்கலையா?"

"அதெல்லாம் இல்ல" என்றார் மெக்கானிக்.

சொல்லிவிட்டார். ஆனால் பதில் வாயைவிட்டு வருவதற்கு முன்னால் ஒரு சின்ன இடைவெளி விழுந்ததே, அதை அவரும் கவனித்தார். அவளும் கவனித்தாள். கெடு இன்றுதான் என்று மகள் எத்தனையோ முறை சாப்பாட்டு மேசையில் சொல்லியிருந்தாள். தான் அதை மறந்தோமா, மறக்க விரும்பினோமா? அவருக்கே தெரியவில்லை. அவள் இல்லாத வீட்டை நினைத்துப் பார்த்திருக்கிறார் என்பது மட்டும் நிஜம். நினைத்தபோது பயமாக இருந்தது. அதை அவளிடம் சொல்ல அவருக்கு வெட்கமாகவும் இருந்தது.

ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர் அவருடைய பழைய சிநேகிதர். கம்ப்ரஸர், ஃபேன் மோட்டார், செம்புக் குழாய் என்று மெக்கானிக் சொல்லச் சொல்ல எடுத்துவைத்தவர், மனைவி பர்ஸிலிருந்து கார்டை எடுத்ததும் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

"யோவ், நீயா? கார்டா? மழ வரப்போகுதுய்யா!"

"எனக்கெல்லாம் எவன் தருவான்? எங்க வீட்டம்மா கார்டு" என்றார் மெக்கானிக். அதைச் சொல்லும்போது முதல்முறையாக வருத்தமில்லாமல் சொன்னார்.

மனைவி ரகசிய எண்ணை அழுத்தும்போது கடைக்காரர் நாகரிகமாக முகத்தைத் திருப்பிக்கொண்டார். மெஷின் யோசித்தது. ரொம்ப நேரம் யோசித்தது போலிருந்தது. பிறகு நாக்கை நீட்டுவதுபோல ரசீதை நீட்டியது.

மகளிடமிருந்து உடனே போன். "தாண்டிருச்சு! தாண்டிருச்சுப்பா!" கடையில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கத்தினாள். மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மெக்கானிக்குக்கு அவள் கையைப் பிடிக்கலாம் போல இருந்தது. ஆனால் கையில் கம்ப்ரஸர் இருந்தது.

சாயங்காலம் மகள் வேலையிலிருந்து வந்ததும் வராததுமாக லேப்டாப்பைத் திறந்தாள். அப்பாவும் அம்மாவும் இரண்டு பக்கமும் உட்கார்ந்தார்கள்.

"பாயிண்ட்ஸ் கைக்கு வர சில நாள் ஆகும். இப்பவே சீட்டு எப்ப இருக்குன்னு பாத்து வெச்சுப்போம்" என்று தேதிகளைத் தட்டிக்கொண்டே போனவள், சட்டென்று நிறுத்தினாள். மறுபடி தட்டினாள். முகம் சுருங்கியது.

"என்னடி?" என்றாள் அம்மா.

"அன்னைக்கு நான் பாத்தப்ப, போக வர ரெண்டுக்கும் சேத்து இந்த பாயிண்ட்ஸ் போதும்னு காட்டிச்சும்மா. இப்ப ஏத்திட்டாங்க. ஒரு பக்கத்துக்குத்தான் வரும். போறதுக்கு மட்டும்."

"வர்றதுக்கு?"

"மறுபடி கொஞ்சம் கொஞ்சமா சேக்கணும். மளிகை, கரண்ட் பில்லுனு... நாளாகும்மா. வேணும்னா காத்திருந்து, சேந்ததும் ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக்கலாம். இன்னொரு வருஷம், அவ்ளோதான்."

இன்னொரு வருஷம். மெக்கானிக் மனைவியைப் பார்த்தார். அவர் மனதுக்குள் ஏதோ ஒன்று, அவருடைய அனுமதியைக் கேட்காமலே, அப்பாடா என்றது. அப்படிச் சொன்னதற்காகத் தன்மேலேயே அவருக்கு அருவருப்பு வந்தது.

மனைவி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"போறதுக்கு மட்டும் போடு" என்றாள்.

"அம்மா, திரும்பி வர்றதுக்கு?"

"அத அக்காகிட்ட பேசிட்டுச் சொல்றேன்."

மகள் அப்பாவைப் பார்த்தாள். ஏதாவது சொல்லுங்களேன் என்றது அந்தப் பார்வை. போகாதே என்று சொல்ல அவருக்கு முகமில்லை, போய்விட்டு வா என்று சொல்ல மனம் துணியவில்லை. கடைசியில் அவர் வாயில் வந்தது, வருடக்கணக்காகத் தினமும் காலையில் வேன் சாவியை எடுக்கும்போது அவள் அவரிடம் கேட்கும் கேள்வி. ஒருநாளும் அவர் நின்று பதில் சொன்னதில்லை.

"எப்ப வருவே?"

அவள் இப்போதுதான் அவர் பக்கம் திரும்பினாள். அந்த முகத்தில் கோபம் கொஞ்சமும் இல்லை. அதுதான் அவரைக் கலக்கியது.

"தெரியலைங்க" என்றாள்.